பழைய விளையாட்டுப் பெட்டியும் புதிய தொலைக்காட்சியும்

நம் வீடுகளின் மச்சிலும் பரணிலும் எத்தனையோ பொருள்கள் உறங்குகின்றன. ஓட்டை விழுந்த நிலவாய், கைப்பிடி கழன்ற இஸ்திரிப் பெட்டி, நாடா சிக்கிய டேப் ரிக்கார்டர் இவற்றின் நடுவே, சில வீடுகளில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் கிடப்பதைக் காணலாம். அதிலிருந்து இரண்டு வயர்கள் புறப்படும். வயர்களின் நுனியில் பொத்தான்கள் பதித்த இரண்டு கைப்பிடிகள் இருக்கும். பெட்டியின் தலையில் காசெட் செருகுவதற்கு நீண்ட பிளவு ஒன்று இருக்கும். 1990-களில் உங்கள் தந்தையாரும் மாமாமாரும் முழுப்பரீட்சை விடுமுறையில் கண் சிவக்கச் சிவக்க விளையாடிய ‘டி.வி. கேம்’ இதுதான்.

இதைத் தூசு தட்டி எடுத்து, கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் தட்டையான புதிய தொலைக்காட்சியோடு சேர்க்க முயல்கிறோம். சில சமயம் வயரைச் செருகவே இடம் அகப்படுவதில்லை. இடம் அகப்பட்டாலும் ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்துகளே திரையில் தோன்றுகின்றன. உடனே வீட்டில் தீர்ப்பு எழுதப்படுகிறது: “கெட்டுப் போச்சு, ஆக்கர் கடைக்குப் போடு!”

அவசரத் தீர்ப்பு இது. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இங்கே கூடமும் கோணல் இல்லை. ஆடுகிறவளுக்கும் ஆட்டம் மறக்கவில்லை. பழைய பெட்டி ஒரு மொழியில் பேசுகிறது. புதிய தொலைக்காட்சி வேறொரு மொழியை எதிர்பார்க்கிறது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவ்வளவே. அந்த இரு மொழிகளும் எவை, மொழிபெயர்ப்பாளரை எப்படித் தேர்வது, அவராலும் முடியாத காரியம் எது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இப்பெட்டிகள் வந்த வழி

தொலைக்காட்சியில் விளையாடலாம் என்ற எண்ணத்தைச் செயலாக்கியவர் அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் பேயர். அவருடைய கண்டுபிடிப்பு 1972-ஆம் ஆண்டு ‘மேக்னவாக்ஸ் ஒடிசி’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1977-இல் அட்டாரி நிறுவனத்தின் பெட்டி வந்தது. 1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்ற பெட்டியை வெளியிட்டது. மாரியோ என்ற மீசைக்காரக் குழாய்த் தொழிலாளியை உலகமெங்கும் பிரபலமாக்கிய பெட்டி அது.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-இல் தில்லியில் சோதனையாகத் தொடங்கியது. சென்னைக்கு அது 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வந்தது. வண்ண ஒளிபரப்பு, தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த 1982-ஆம் ஆண்டில் தொடங்கியது. நம் பகுதிகளில் மட்டுப்பாவில் உயரமான கம்பம் நட்டு, ஏரியலைத் திருவனந்தபுரம் பக்கமும் இலங்கையின் ரூபவாகினிப் பக்கமும் திருப்பித் திருப்பிப் படம் பார்த்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு.

வண்ணத் தொலைக்காட்சி பரவிய பிறகு விளையாட்டுப் பெட்டிகளும் வந்தன. ஜப்பானியப் பெட்டியைப் பின்பற்றிச் செய்த பெட்டிகள் ‘சாமுராய்’ முதலிய பல பெயர்களில் இந்தியக் கடைகளில் விற்றன. சேகா நிறுவனத்தின் ‘மெகா டிரைவ்’ பெட்டியை 1990-களின் நடுவில் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்றது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்து விடுமுறைக்கு வந்தவர்களின் பெட்டிக்குள் சாக்லேட்டுக்கும் சென்ட் குப்பிக்கும் நடுவே வந்து சேர்ந்தவையும் உண்டு. ஆகவே உங்கள் வீட்டு மச்சில் இருப்பது எந்த நாட்டுக்காகச் செய்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இது ஏன் முக்கியம் என்பது பின்னால் விளங்கும்.

பழைய தொலைக்காட்சி படம் வரைந்த விதம்

முதுகு புடைத்த பழைய தொலைக்காட்சிக்குள் ஒரு பெரிய கண்ணாடிக் குழாய் உண்டு. அதைப் படக்குழாய் என்பர். அதன் பின்கழுத்திலிருந்து எலெக்ட்ரான் கற்றை பாய்ந்து, முன்கண்ணாடியின் உட்புறத்தில் பூசியுள்ள ஒளிரும் பூச்சின்மேல் விழும். விழுந்த புள்ளி ஒளிரும். கோலம் போடும்போது மாவு விழும் விரல்நுனி எப்படித் தரையெங்கும் நகர்கிறதோ, அப்படியே அந்தக் கற்றை இடமிருந்து வலமாக வரிவரியாக ஓடும்.

இந்தியா ஏற்றுக்கொண்ட வண்ணமுறைக்கு பி.ஏ.எல். என்று பெயர். ஜெர்மனியில் வால்டர் புரூக் என்ற பொறியியலாளர் வகுத்த முறை அது. அதில் ஒரு முழுப் படத்துக்கு 625 வரிகள். ஒரு விநாடிக்கு 25 முழுப் படங்கள். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். ஒரே விநாடியில் 15,625 வரிகள்! ஆனால் 625 வரிகளையும் கற்றை ஒரே ஓட்டத்தில் வரைவதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள் என இரண்டு பாதிகளாக வரையும். ஆகவே விநாடிக்கு 50 பாதிப் படங்கள் வருகின்றன. அமெரிக்காவும் ஜப்பானும் என்.டி.எஸ்.சி. என்ற வேறு முறையை மேற்கொண்டன. அதில் 525 வரிகள். விநாடிக்கு ஏறக்குறைய 60 பாதிப் படங்கள்.

பழைய விளையாட்டுப் பெட்டிகள் இந்தக் கற்றையின் ஓட்டத்தை நம்பியே பிறந்தவை. 1977-ஆம் ஆண்டு அட்டாரி பெட்டியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட்டுகள். இந்தப் பத்தியின் எழுத்துகளைக்கூட அதற்குள் அடக்க முடியாது! ஒரு முழுப் படத்தை நினைவில் வைத்திருக்க அதற்கு இடமில்லை. எனவே கற்றை ஒரு வரியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த வரியில் என்ன நிறம் எங்கே விழவேண்டும் என்பதைப் பெட்டி அந்தந்த நொடியில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் விநாடியில் பத்து இலட்சத்தில் 64 பங்கு.

இப்படிப்பட்ட நெருக்கடிக்குள் அழகான விளையாட்டை எழுதிக் காட்டியவர்களில் ஒரு பெண்மணியும் இருந்தார் என்பதை நம் மாணவியர் அறிந்துகொள்ள வேண்டும். கரோல் ஷா என்ற அந்த அமெரிக்கப் பெண்மணி 1982-இல் அட்டாரி பெட்டிக்காக எழுதிய ‘ரிவர் ரெய்ட்’ உலகப் புகழ் பெற்றது. ஓர் ஆற்றின்மேல் விமானம் பறந்து செல்லும் விளையாட்டு அது. அந்த ஆறு, கரை, தீவு, பாலம், கப்பல் எல்லாவற்றையும் அவர் 4 கிலோபைட்டுக்குள் அடக்கினார். இன்று நாம் கைப்பேசியில் அனுப்பும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல நூறு மடங்கு பெரியது. வயரும் ஈயப்பற்றும் ஆண்பிள்ளைகளின் சமாச்சாரம் என்று யாரேனும் சொன்னால் இவர் பெயரைச் சொல்லுங்கள்.

மின்சாரம் கொடுக்குமுன்

பெட்டியை இறக்கியவுடன் பிளக்கைச் செருகிவிடக் கூடாது. முதலில் அடாப்டரைப் பார்க்க வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்; அமெரிக்காவில் 120 வோல்ட். அந்நாடுகளுக்காகச் செய்த அடாப்டரை நம் சுவரில் செருகினால் புகை வருவதற்கு நெடுநேரம் ஆகாது. அடாப்டரின் முதுகில் ‘100 முதல் 240 வரை’ என்று அச்சிட்டிருந்தால் அச்சமில்லை. ஒரே ஓர் எண் மட்டும் இருந்தால் அது 220 அல்லது 230-ஆக இருக்கவேண்டும்.

அடுத்தது, அடாப்டர் வெளியே தரும் மின்சாரம். பெட்டியில் 9 வோல்ட் என்று எழுதியிருந்தால் அடாப்டரும் 9 வோல்ட் தரவேண்டும். ஆம்பியர் அளவு குறித்ததற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. பின்னின் நடுத்துளை நேர்முனையா, எதிர்முனையா என்பதுதான் அது. ஒரு சிறு வட்டமும் அதன் இருபுறமும் கூட்டல், கழித்தல் குறிகளும் கொண்ட படம் பெட்டியிலும் அடாப்டரிலும் இருக்கும். இரண்டு படங்களும் ஒன்றாக இருக்கவேண்டும். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுமுனை நேர்முனை. ஆனால் நின்டெண்டோவின் ஃபேமிலி கம்ப்யூட்டருக்கும், சேகா மெகா டிரைவின் முதல் வடிவத்துக்கும் நடுமுனை எதிர்முனை. அமெரிக்காவில் விற்ற நின்டெண்டோ பெட்டியின் அடாப்டரோ நேர்மின்சாரத்துக்குப் பதிலாக மாறுமின்சாரத்தையே தரும். ஆகவே பின் பொருந்துகிறது என்பதனால் மின்சாரமும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள்.

நம் மாவட்டத்துக்கு உரிய தொல்லை ஒன்றும் உண்டு. முப்பது ஆண்டுக் காலம் கடற்காற்று உலவும் வீட்டில் கிடந்த பெட்டியில் உப்பும் ஈரமும் புகுந்து பித்தளை, செம்புப் பகுதிகளில் களிம்பு ஏற்றியிருக்கும். காசெட்டின் அடியில் தெரியும் பொன்னிறப் பட்டைகள் கறுத்திருந்தால் படம் வராது. வந்தாலும் கட்டம் கட்டமாகச் சிதறும். அந்நாளில் பிள்ளைகள் காசெட்டை வாயருகே வைத்து ‘ஃபூ’ என்று ஊதிச் செருகுவார்கள். ஊதினால் எச்சிலின் ஈரம் பட்டைகளில் படியும். நாளடைவில் களிம்பு கூடும். சுத்தமான பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுப் பட்டைகளை மெல்லத் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுவதே சரியான முறை. ‘கெட்டுப் போச்சு’ என்ற தீர்ப்பு பல சமயம் இந்த ஒரு துடைப்பிலேயே மாறிவிடும்.

மூன்று வாசல்கள்

இப்போது பெட்டியின் முதுகைப் பாருங்கள். படம் வெளியே செல்ல எந்த வாசல் இருக்கிறது?

முதல் வாசல், ஏரியல் வாசல். இதை ஆர்.எஃப். என்பர். மிகப் பழைய பெட்டிகளில் இது ஒன்றுதான் இருக்கும். அக்காலத் தொலைக்காட்சிக்கு ஏரியலைத் தவிர வேறு காது இல்லை. ஆகவே விளையாட்டுப் பெட்டி தனக்குள் ஒரு குட்டித் தொலைக்காட்சி நிலையத்தையே வைத்திருந்தது. படத்தையும் ஒலியையும் ஒரு வானொலி அலையின்மேல் ஏற்றி, வயர் வழியே ஏரியல் துளைக்குள் அனுப்பியது. நாம் தொலைக்காட்சியின் அலைவரிசைத் திருகைத் திருப்பித் திருப்பி அந்த நிலையத்தைத் தேடிப் பிடித்தோம்.

இரண்டாம் வாசல், ஏ.வி. வாசல். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று வட்டத் துளைகள். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருந்தால் அந்தப் பெட்டிக்கு ஒலி ஒற்றை வழி என்று பொருள். இந்த வாசலில் படம் வானொலி அலையின்மேல் ஏறாமல் நேராகவே வருகிறது. அதனால் ஏரியல் வாசலில் வரும் படத்தைவிடத் தெளிவாக இருக்கும். உங்கள் பெட்டியில் இரண்டு வாசல்களும் இருந்தால் ஏ.வி. வாசலையே கொள்ளுங்கள். 1994-இல் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷனும் 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2-உம் இந்த மூன்று வண்ண வயர்களோடு வந்தவையே.

மூன்றாம் வாசல், எச்.டி.எம்.ஐ. இதன் முதல் விதிமுறை 2002-ஆம் ஆண்டு இறுதியில் வெளியானது. இது பழைய பெட்டிகளில் இராது. புதிய தொலைக்காட்சியிலோ இதுவே தலைவாசல். சப்பையான சிறு துளைக்குள் 19 ஊசிகள். முன்னிரண்டு வாசல்களிலும் படம் ஏறி இறங்கும் மின்னலையாகச் செல்கிறது. இங்கே அது எண்களாகச் செல்கிறது. அந்த இரண்டு மொழிகள் என்று முன்னர்ச் சொன்னோமே, அவை இவைதாம்.

மொழிபெயர்ப்பாளரைத் தேடிக் கடைக்கு ஓடுமுன், புதிய தொலைக்காட்சியின் முதுகையும் ஒருமுறை நன்றாகப் பார்க்க வேண்டும். பல தொலைக்காட்சிகளில் பழைய வாசல் ஒளிந்திருக்கும். மூன்று துளைகளுக்குப் பதிலாக, இயர்போன் துளையைப் போன்ற ஒரே துளை ‘ஏ.வி.’ என்ற குறியோடு இருக்கலாம். அதற்குரிய சிறு இணைப்பு வயர் தொலைக்காட்சியோடு அட்டைப்பெட்டியில் வந்திருக்கும்; நாம் எங்கேயாவது போட்டிருப்போம். கடையில் அதையே வாங்கும்போது தொலைக்காட்சியின் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வளையங்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வேறு சில தொலைக்காட்சிகளில் மஞ்சள் துளை இராது. பச்சை, நீலம், சிவப்பு என்ற வரிசை இருக்கும். அந்தப் பச்சைத் துளையைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தாலோ, ‘வீடியோ’ என்றும் எழுதியிருந்தாலோ, மஞ்சள் வயரை அந்தப் பச்சையிலேயே செருகலாம். பிறகு ரிமோட்டில் ஏ.வி. என்பதைத் தேர்ந்தால் படம் வந்துவிடும். காசு செலவில்லை.

மொழிபெயர்ப்பாளரைத் தேர்ந்தெடுத்தல்

தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டுமே இருந்தால் ஒரு சிறு மாற்றுப்பெட்டி வேண்டும். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதான இது நாகர்கோவில், மார்த்தாண்டம் போன்ற ஊர்களின் மின்னணுச் சாமான் கடைகளிலும் கிடைக்கும். சில நூறு ரூபாய்தான். ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள், மறுபக்கம் எச்.டி.எம்.ஐ. துளை. இது இயங்க 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். கைப்பேசி சார்ஜரிலிருந்தே யு.எஸ்.பி. வயரால் கொடுக்கலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். ஒரே உருவத்தில், ஒரே நிறத்தில், இரண்டு வகை மாற்றுப்பெட்டிகள் உண்டு. ஒன்று ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும், மற்றது எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி. ஆக மாற்றும். தமிழிலிருந்து மலையாளத்துக்கு மொழிபெயர்ப்பவர் வேறு, மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர் வேறு. நமக்கு வேண்டியது ‘ஏ.வி. உள்ளே, எச்.டி.எம்.ஐ. வெளியே’ என்பது. எழுத்தைப் படித்து, கடைக்காரரிடமும் கேட்டு வாங்குங்கள்.

ஏரியல் வாசல் மட்டுமே உள்ள பெட்டிக்கு என்ன செய்வது? புதிய தொலைக்காட்சியில் ஏரியல் துளை இருந்து, பழைய அனலாக் ஒளிபரப்பைத் தேடும் வசதியும் இருந்தால், விளையாட்டுப் பெட்டியை இயக்கிவைத்துவிட்டு ‘அனலாக் தேடல்’ கொடுங்கள். தூர்தர்ஷன் தன் அனலாக் நிலையங்களில் மிகப் பெரும்பாலானவற்றை 2022-க்குள் மூடிவிட்டது. ஆகவே உங்கள் தேடலில் அகப்படும் ஒரே நிலையம் உங்கள் விளையாட்டுப் பெட்டியாகவே இருக்கக்கூடும்! ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பெட்டியானால் அகப்படாமலே போகலாம். அலைவரிசை எண் ஒன்றாக இருந்தாலும் அதன் அலைவெண் நாட்டுக்கு நாடு வேறு.

தொலைக்காட்சியில் அந்த வசதி இல்லையெனில், மச்சில் இன்னொரு பழம்பொருளைத் தேடுங்கள். கலியாணக் காசெட் பார்த்த வி.சி.ஆர். இருக்கிறதா? அதன் ஏரியல் துளையில் விளையாட்டுப் பெட்டியைச் செருகி, வி.சி.ஆரில் நிலையத்தைத் தேடிப் பிடித்து, அதன் மஞ்சள், வெள்ளைத் துளைகளிலிருந்து வயரை எடுத்து மாற்றுப்பெட்டிக்குக் கொடுக்கலாம். கிழவருக்குக் கிழவரே துபாஷி!

படம் வந்த பிறகும் ஏன் மனம் நிறைவதில்லை?

இணைத்தாயிற்று, படமும் வந்தாயிற்று. ஆனால் தந்தையார் பார்த்துவிட்டு, “அந்தக் காலத்தில் இப்படி இல்லையே” என்று சொல்லக்கூடும். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. காரணங்கள் மூன்று.

முதற்காரணம் அகலம். பழைய திரை 4-க்கு 3 என்ற விகிதம்; புதிய திரை 16-க்கு 9. தொலைக்காட்சி படத்தை இழுத்து நிரப்பிவிடுவதால் உருண்டை நிலா பூசணிக்காய் ஆகிவிடுகிறது. ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றினால் இருபுறமும் கறுப்புப் பட்டை வரும். நிலா மீண்டும் உருண்டையாகும்.

இரண்டாவது, பாதிப் படங்களின் குழப்பம். ஒளிபரப்பில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வரும் என்று கண்டோம். பழைய விளையாட்டுப் பெட்டி ஒரு தந்திரம் செய்தது. ஒவ்வொரு முறையும் ஒரே வரிகளின்மீதே திரும்பத் திரும்ப வரைந்தது. எனவே அது அனுப்புவது பாதி வரிகளே கொண்ட, ஆனால் தன்னளவில் முழுமையான படம். புதிய தொலைக்காட்சியும் மலிவான மாற்றுப்பெட்டியும் இதை அறியாமல், அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பாதிப் படங்கள் என்று எண்ணி ஒன்றாகப் பின்னிவிடுகின்றன. ஓடும் உருவத்தின் ஓரம் சீப்புப் பல்லைப்போலத் தெரிவது இதனால்தான். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளும் தேர்ந்த மாற்றுப்பெட்டிகளும் உண்டு. ஓ.எஸ்.எஸ்.சி., ரெட்ரோடிங்க் என்ற பெயர்களில் ஆர்வலர்கள் அவற்றை உருவாக்கினார்கள். விலையோ பல ஆயிரம் ரூபாய். ஒரு விடுமுறை விளையாட்டுக்கு அது வேண்டியதில்லை.

மூன்றாவது, தாமதம். இதுவே விளையாட்டைக் கெடுப்பது. படக்குழாயில், பெட்டி சொல்லும்போதே கற்றை வரைந்தது. காத்திருப்பு என்பதே இல்லை. புதிய தொலைக்காட்சி படத்தை வாங்கி, நினைவில் வைத்து, பெரிதாக்கி, மெருகேற்றி, அப்புறமே காட்டுகிறது. விநாடிக்கு 50 படங்கள் வரும் இடத்தில் ஒரு படத்தின் நேரம் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. இப்படி நாலைந்து படங்கள் தாமதித்தால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். இது என்ன பெரிய நேரம் என்று கேட்கிறீர்களா? கயிறு தாண்டும்போது கால் அவ்வளவு பிந்தினால் என்ன ஆகும்? கயிறு காலில் சிக்கும். மாரியோவும் அப்படித்தான் குழிக்குள் விழுகிறான். பெண்ணுக்கு விளையாடத் தெரியவில்லை என்று தம்பி கேலி செய்வான். குற்றம் அவளுடையது அன்று. தொலைக்காட்சியின் படத் தேர்வுப் பட்டியலில் ‘கேம் மோட்’ என்று ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மெருகேற்றும் வேலைகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டுத் தொலைக்காட்சி விரைந்து படத்தைக் காட்டும்.

துப்பாக்கி ஏன் சுடுவதில்லை?

அந்நாளைய பெட்டிகள் பலவற்றோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வந்தது. பறக்கும் வாத்தைச் சுடும் ‘டக் ஹன்ட்’ என்ற விளையாட்டு 1984-இல் ஜப்பானில் வெளிவந்தது. இந்தத் துப்பாக்கி புதிய தொலைக்காட்சியில் ஒரு வாத்தைக்கூட வீழ்த்தாது. மாற்றுப்பெட்டி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் சரி.

காரணம் வேடிக்கையானது. துப்பாக்கி திரையை நோக்கி எதையும் அனுப்புவதில்லை. அது திரையைப் பார்க்கிறது. அதன் குழலுக்குள் ஒளியை உணரும் சிறு கண் ஒன்று இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை முழுவதும் ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். இவை நம் கண்ணுக்கு வெறும் மினுக்கலாகவே படும். குறி சரியாக இருந்தால் குழலின் கண் முதலில் இருளையும் அடுத்து ஒளியையும் காணும். ‘பட்டது’ என்று பெட்டி முடிவு செய்யும்.

அந்தக் கண்ணோ படக்குழாயின் ஒளிக்கென்றே பழக்கப்பட்டது. கற்றை விநாடிக்குப் பதினையாயிரம் வரிகளாக ஓடுவதால் எழும் துடிப்பான ஒளியையே அது ஒளி என்று ஏற்கும். எல்.சி.டி. திரையின் ஒளியில் அந்தத் துடிப்பு இல்லை. மேலும், வெள்ளைக் கட்டம் தோன்றும் கணத்தையும் புதிய தொலைக்காட்சி தாமதமாகவே காட்டுகிறது. பெட்டி எதிர்பார்த்த கணம் அதற்குள் கடந்துபோய்விடும். சொற்களை மொழிபெயர்க்கலாம், காலம் தவறிப்போனதை எந்த மொழிபெயர்ப்பாளராலும் மீட்க முடியாது.

அப்படியானால் வாத்து வேட்டைக்கு வழியே இல்லையா? உண்டு. தமிழக அரசு 2006-ஆம் ஆண்டு முதல் 2011 வரை வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி நினைவிருக்கிறதா? ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சென்ற அந்தப் பெட்டி, படக்குழாய்த் தொலைக்காட்சிதான். கேலியும் விமரிசனமும் பட்ட அந்தச் சிறு பெட்டி உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இன்னும் எரிகிறதென்றால், பழைய விளையாட்டுப் பெட்டிக்கு அதைவிட உற்ற துணை வேறில்லை. மொழிபெயர்ப்பு வேண்டாம், தாமதம் இல்லை, நிலா உருண்டை, துப்பாக்கியும் சுடும்.

சில எச்சரிக்கைகள்

படக்குழாய்த் தொலைக்காட்சியின் முதுகுமூடியை மாணவியர் எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. அதற்குள் உருவாகும் மின்னழுத்தம் இருபதாயிரம் வோல்ட்டையும் எட்டக்கூடியது. சுவிட்சை அணைத்த பிறகும், பிளக்கை உருவிய பிறகும், குழாயில் அது தங்கியிருக்கும். அது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. இடி மின்னல் இருக்கும்போது விளையாட்டுப் பெட்டி, தொலைக்காட்சி இரண்டின் பிளக்கையும் உருவிவிடுங்கள்.

எவ்வளவு முயன்றும் உயிர் வராத பெட்டிகளும் இருக்கும். அவற்றை என்ன செய்வது? படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது; பழைய மின்சுற்றுப் பலகைகளின் பற்றிலும் ஈயம் உண்டு. செம்புச் சுருளுக்காகக் குழாயை உடைத்து, மிஞ்சிய கண்ணாடியைக் குளக்கரையில் கொட்டினால், அந்த நஞ்சு நாம் குளிக்கும் குளத்துக்கும் வயலுக்கும் வந்து சேரக்கூடும். மின்னணுக் கழிவுகளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும் என்பதற்கு 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் உள்ளன. பேரூராட்சி, நகராட்சி அலுவலகங்களில் கேட்டுக் கொடுப்பது குடும்பத்தின் கடமை.

ஆனால் அது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவை பல என்று கண்டோம். எந்த நாட்டுப் பெட்டி? அடாப்டர் பொருந்துகிறதா? பட்டைகளைத் துடைத்தாயிற்றா? எந்த வாசல்? தொலைக்காட்சியில் மறைந்த வாசல் உண்டா? எந்தத் திசையில் மொழிபெயர்க்க வேண்டும்? இத்தனை கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகு, ‘கெட்டுப் போச்சு’ என்று சொல்லும் உரிமை நமக்கு வருகிறது. அதற்குள் பெரும்பாலும் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் தீர்ந்துவிடும்.

வரும் கோடை விடுமுறையில், பெற்றோரின் அனுமதி பெற்று, மச்சில் உள்ளதை இறக்கிப் பாருங்கள். தந்தையாரையோ மாமாவையோ பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வயரை இணைப்பது உங்கள் வேலை. எந்தப் பொத்தானை அழுத்தினால் மாரியோ தாண்டுவான் என்று சொல்லித் தருவது அவர்கள் வேலை. ஓடவைத்த பெட்டியை அடுத்த அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுவந்தால் மற்ற மாணவியருக்கும் பயன்படும். பக்கத்தில் ஓர் அட்டையில் மூன்று வாசல்களின் படத்தையும் வரைந்து வையுங்கள். துப்பாக்கியை மறந்துவிடாதீர்கள். அது ஏன் சுடவில்லை என்று கேட்கிறவர்களுக்கு விடை சொல்ல, இப்போது உங்களுக்குத் தெரியும்.